ஜெர்மன் குடும்பங்கள் சைப்ரஸ் குடும்பங்களை விட ஏழைகளா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். மியூனிக்கில் வேலை கிடைத்திருக்கிறது. கிளம்பும் முன் ஜெர்மனியைப் பற்றிப் படித்தபோது ஐரோப்பிய மத்திய வங்கியின் பழைய அட்டவணை ஒன்று கண்ணில் பட்டது. யூரோ நாடுகளில் சாதாரணக் குடும்பத்தின் சொத்து மிகக் குறைவாக இருப்பது ஜெர்மனியில்தான், சைப்ரஸ் குடும்பத்திடம் அதைப்போல ஐந்து மடங்கு இருக்கிறது என்று அதில் போட்டிருந்தது. “ஜெர்மானியர்கள் நிஜமாகவே ஏழைகளா, இல்லை அட்டவணை தப்பா? அங்கே போனால் நானும் எதுவும் சேர்க்க முடியாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரு நாட்டுக் குடும்பத்தின் சொத்தை இன்னொரு நாட்டுக் குடும்பத்தின் சொத்தோடு வைத்துப் பார்த்தால் அதிலிருந்து என்னதான் தெரியும்? நான் புள்ளியியல் படித்தவன். குடும்பக் கணக்கெடுப்புத் தரவுகளோடு பல வருடம் வேலை பார்த்தவன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ஜெர்மன் வரி, ஓய்வூதியச் சட்டங்களில் நான் நிபுணன் இல்லை. கடைசியில் அந்தப் பக்கம் போகும்போது சொல்வதை மட்டும் அங்கே ஒரு ஆலோசகரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை தப்பில்லை. 2013 ஏப்ரலில் ஐரோப்பிய மத்திய வங்கி தன் முதல் குடும்பச் சொத்துக் கணக்கெடுப்பை வெளியிட்டது. 15 யூரோ நாடுகளில் 62,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் கேட்டுத் திரட்டியது. பெரும்பாலான நாடுகளில் 2010ஐ ஒட்டிய நிலவரம். வீடு, நிலம், வண்டி, தொழில், வங்கிப் பணம், பங்குகள் எல்லாவற்றையும் கூட்டி, கடனைக் கழித்தால் வருவது நிகரச் சொத்து. நடுவில் நிற்கும் குடும்பத்தின் நிகரச் சொத்து ஜெர்மனியில் 51,400 யூரோ. ஸ்லோவாக்கியாவில் 61,200, கிரீஸில் 1,01,900, பிரான்ஸில் 1,15,800, இத்தாலியில் 1,73,500, ஸ்பெயினில் 1,82,700, சைப்ரஸில் 2,66,900. சைப்ரஸ் வங்கிகள் திவாலாகி, ஐரோப்பாவும் பன்னாட்டு நாணய நிதியமும் 1,000 கோடி யூரோ கடன் கொடுத்துக் காப்பாற்ற ஒப்புக்கொண்ட சில வாரங்களில் இந்த எண்கள் வந்தன. ஜெர்மன் பத்திரிகைகளில் எப்படிப்பட்ட கூச்சல் எழுந்திருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம். நம் வரிப்பணத்தில் பணக்காரர்களைக் காப்பாற்றுகிறோமா என்பதுதான் அப்போதைய பேச்சு.

நாடுகளை ஒப்பிட நினைப்பவருக்கு இதைவிட வசதியான உதாரணம் கிடைப்பது கடினம். எல்லாருக்கும் ஒரே நாணயம், அதனால் டாலர் மாற்று விகிதக் குழப்பம் இல்லை. கேள்வித்தாளும் பெரும்பாலும் ஒன்றே. இவ்வளவு சுத்தமாகச் செய்தும் கிடைத்த வரிசை யாருக்கும் நம்பும்படி இல்லை. அதனால்தான் இந்த வரிசையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்கிறேன்.

முதலில் நடு எண்ணையும் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நூறு குடும்பங்களைச் சொத்து வாரியாக வரிசையில் நிறுத்தினால் ஐம்பதாவது இடத்தில் நிற்பவரின் சொத்து நடு எண். மொத்தச் சொத்தையும் கூட்டித் தலைக்கு இவ்வளவு என்று வகுத்தால் சராசரி. ஜெர்மனியில் நடு எண் 51,400, சராசரியோ 1,95,200. ஏறக்குறைய நாலு மடங்கு. ஸ்பெயினில் 1,82,700க்கு 2,91,400, அதாவது ஒன்றரை மடங்கைச் சற்றுத் தாண்டுகிறது. ஸ்லோவாக்கியாவில் 61,200க்கு 79,700. இடைவெளி இன்னும் குறைவு. சராசரியில் ஜெர்மனி ஸ்லோவாக்கியாவை எங்கோ விட்டுவிட்டுப் போய்விடுகிறது, நடு எண்ணில்தான் அதற்குக் கீழே வருகிறது. ஆக முதல் பதில் இது: ஜெர்மனியில் சொத்து இருக்கிறது, அது பரவலாக இல்லை. அதே கணக்கெடுப்பில் மேல்தட்டுப் பத்து சதவீதக் குடும்பங்களிடம் ஜெர்மனியின் மொத்த நிகரச் சொத்தில் 59 சதவீதம் இருந்தது. யூரோ நாடுகள் முழுவதற்கும் அது 50 சதவீதம். இந்த அளவுக்கு நான் உறுதியாகச் சொல்லுவேன்.

பரவலாக இல்லை என்றால் ஏன் இல்லை? இங்கேதான் விஷயத்தின் மையம். ஜெர்மனியில் சொந்த வீட்டில் இருந்தவர்கள் 44 சதவீதம், ஸ்பெயினில் 83 சதவீதம். மற்ற சொத்துகளை விட்டுவிட்டு இதை மட்டும் வைத்துப் பாருங்கள். நூறு ஜெர்மன் குடும்பங்களில் 56 வாடகைக்கு இருப்பவை. அவற்றின் நடு எண் அப்போது 10,000 யூரோவைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவுதான். கடனில்லாமல் சொந்த வீடு வைத்திருந்த குடும்பங்களின் நடு எண் இரண்டரை லட்சத்துக்கு மேல். வரிசையில் ஐம்பதாவது இடம் எங்கே விழுகிறது? வாடகைக்காரர்கள் முடிந்து வீட்டுக்காரர்கள் தொடங்கும் விளிம்பில். கொஞ்சம் சேமித்து வைத்த வாடகைக்காரரோ, பெரிய கடனோடு வீடு வாங்கியவரோ அங்கே நிற்பார். ஸ்பெயினில் ஐம்பதாவது ஆள் சந்தேகமே இல்லாமல் வீட்டுக்காரர். அதனால் இரண்டு நாடுகளின் நடு எண்ணை ஒப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டு, உண்மையில் ஒரு ஊர் வாடகைக்காரரை இன்னொரு ஊர் வீட்டுக்காரரோடு ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். சொந்த வீட்டுக்காரரை மட்டும் எடுத்து இரு நாட்டிலும் பார்த்தால் ஜெர்மானியர் ஒன்றும் மோசமில்லை.

இதில் தரவுக்காரர்கள் மட்டும் கவனிக்கிற ஒரு நுணுக்கம் உண்டு. ஜெர்மன் வரிசையில் நடுப்பகுதியில் கூட்டம் குறைவு. பத்தாயிரத்தை ஒட்டி ஒரு கூட்டம், இரண்டு லட்சத்தை ஒட்டி இன்னொரு கூட்டம், நடுவில் ஆள் ரொம்பக் கம்மி. அப்படிப்பட்ட இடத்தில் நடு எண் நின்றால் அது சட்டென்று நகரும். வீட்டு உரிமை 44லிருந்து 50 சதவீதத்துக்குப் போனாலே எண் தாவிவிடும், யாருடைய வாழ்க்கையும் பெரிதாக மாறாமலே. அதனால் ‘ஜெர்மனி கடைசி’ என்பதை ஓட்டப் பந்தய முடிவு மாதிரி வாசிக்க முடியாது.

ஜெர்மானியர்கள் ஏன் வாடகைக்கு இருக்கிறார்கள் என்றால் ஏழ்மை அதற்குச் சின்னக் காரணம்தான். போர் முடிந்தபோது மேற்கு ஜெர்மனியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வீடுகள் அழிந்துபோயிருந்தன, கிழக்கிலிருந்து லட்சக்கணக்கில் அகதிகள் வந்துகொண்டிருந்தார்கள். 1948 நாணயச் சீர்திருத்தத்தில் வங்கியில் கிடந்த பழைய 100 மார்க் கடைசியில் புதிய ஆறரை மார்க்காகச் சுருங்கியது. வீடு வாங்கும் சேமிப்பே யாரிடமும் இல்லை. 1950இன் வீட்டு வசதிச் சட்டம் வாடகை வீடுகள் கட்ட அரசு உதவியைத் திறந்துவிட்டது. லாப நோக்கற்ற சங்கங்களும் தனியாரும் அதில் கட்டினார்கள். மற்ற நாடுகளில் அரசுக் குடியிருப்பு என்றாலே ஏழைகளுக்கு என்று முத்திரை விழுந்தது. இங்கே நடுத்தர வர்க்கமும் அதில் குடியேறியது, தரமும் நன்றாக இருந்தது. பிறகு சட்டம் குடியிருப்பவர் பக்கம் உறுதியாக நின்றது. ஒப்பந்தத்துக்குப் பொதுவாகக் காலக்கெடு கிடையாது. உரிமையாளர் வீட்டை வேறொருவருக்கு விற்றாலும் குடியிருப்பவரின் ஒப்பந்தம் அப்படியே செல்லும். காரணமில்லாமல் காலி செய்யச் சொல்ல முடியாது. நம்மூரில் பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஹவுஸ் ஓனர் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாழ்ந்தவருக்கு இது வேறு உலகம். அந்த நிம்மதி வாடகையிலேயே கிடைக்கும்போது, அதற்காகவே வீடு வாங்க வேண்டிய அவசரம் குறைகிறது. இன்னொரு பக்கம், தான் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு வரிக்கழிவு இல்லை. வாடகைக்கு விடுபவருக்கு உண்டு. ஸ்பெயின் நேர் எதிர்த்திசையில் போனது. சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சி வாடகையை உறைய வைத்தது, வாடகைக்கு விடுவதில் லாபமே இல்லாமல் போனது, உரிமையாளர்கள் வீடுகளை விற்றார்கள். நமக்குப் பாட்டாளிகள் நாடு வேண்டாம், சொத்துக்காரர்கள் நாடு வேண்டும் என்று ஃபிராங்கோவின் வீட்டு வசதி அமைச்சர் ஆரெஸே வெளிப்படையாகவே சொன்னார். 1950இல் ஏறக்குறைய பாதிப் பேர்தான் சொந்த வீட்டில் இருந்தார்கள். நூற்றாண்டு முடிவதற்குள் எண்பது சதவீதத்தைத் தாண்டிவிட்டது. வீட்டுக் கடனுக்கான வரிச் சலுகை 2013 வரை புதிதாக வாங்குபவருக்கும் நீடித்தது.

ஸ்லோவாக்கியா ஜெர்மனியை முந்திய விஷயம் எனக்கு இன்னும் சுவாரசியமானது. அங்கே குடும்ப வருமானம் அப்போது ஜெர்மனியில் மூன்றில் ஒரு பங்கு அளவே இருந்தது. ஆனால் 90 சதவீதம் பேருக்குச் சொந்த வீடு. கம்யூனிச ஆட்சி விழுந்தபின் அரசுக் குடியிருப்புகளை அதில் வாழ்ந்தவர்களுக்கே மிகக் குறைந்த விலைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒரே தலைமுறையில் எல்லாரும் சொத்துக்காரர்கள் ஆனார்கள். கிழக்கு ஜெர்மனியிலும் அதே கம்யூனிசம்தான், அதே மாதிரி அடுக்குமாடிகள்தான். ஆனால் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் அந்த வீடுகள் நகராட்சி நிறுவனங்களிடமும், கூட்டுறவுச் சங்கங்களிடமும், வழக்குப் போட்டுத் திரும்பப் பெற்ற பழைய உரிமையாளர்களிடமும் போயின. குடியிருந்தவர் குடியிருப்பவராகவே நீடித்தார். 2010–11 கணக்கெடுப்பில் கிழக்கு ஜெர்மனியின் நடு எண் 21,400 யூரோ, மேற்கில் 78,900. ஸ்லோவாக்கியத் தலைநகர் பிராட்டிஸ்லாவாவில் சம்பளம் குறைந்த ஒரு தம்பதிக்குக் கையில் பத்திரம் இருந்தது, கிழக்கு ஜெர்மன் நகரமான லைப்சிக்கில் அதைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்கியவருக்கு வாடகை ரசீது இருந்தது. சொத்து அட்டவணை இதைத்தான் காட்டியது. இரண்டு பேரில் யார் வசதியாக வாழ்ந்தார்கள் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

அப்புறம் பென்ஷன். இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில், ‘ஜெர்மனியில் அரசு ஓய்வூதியம் இருக்கிறது, அதனால் சேமிக்க வேண்டியதில்லை, கணக்கெடுப்பு அதைச் சேர்ப்பதில்லை’ என்பது. அரசு ஓய்வூதிய உரிமை கணக்கில் வராது என்பது சரி. ஆனால் ஜெர்மனி–ஸ்பெயின் இடைவெளியை அது விளக்காது. ஸ்பெயினில் ஓய்வூதியம் ஜெர்மனியை விடத் தாராளம். வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி கணக்குப்படி சராசரி ஊதியக்காரருக்கு ஸ்பெயினில் கைக்கு வந்த சம்பளத்தில் எண்பது சதவீதத்துக்கு மேல் ஓய்வூதியமாகக் கிடைக்கும். ஜெர்மனியில் ஐம்பதைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. இத்தாலியும் ஸ்பெயின் மாதிரிதான். ஆகவே ஓய்வூதிய உரிமையையும் விலை போட்டுச் சேர்த்தால் ஜெர்மனிக்கும் தெற்கு நாடுகளுக்கும் உள்ள தூரம் யூரோ கணக்கில் கூடவும் வாய்ப்பு இருக்கிறது. நாட்டுக்குள் இருக்கும் ஏற்றத்தாழ்வு குறையும், அது வேறு விஷயம்.

வேறு நாடுகளை ஒப்பிடும்போது பென்ஷன்தான் முக்கியக் காரணம். ஆஸ்திரேலியாவில் 1992 முதல் முதலாளி ஒவ்வொரு ஊழியருக்கும் ‘சூப்பர்’ என்ற கணக்கில் பணம் போட்டே ஆக வேண்டும். அது ஊழியர் பெயரில் இருக்கும் பணம், அதனால் சொத்தில் சேரும். வீட்டு உரிமையும் அதிகம். இரண்டும் சேர்ந்து உலக வரிசையில் ஆஸ்திரேலியாவின் நடு எண்ணை உச்சிக்குக் கொண்டுபோகின்றன. நெதர்லாந்தில் ஓய்வூதிய நிதிகள் நாட்டின் ஒரு வருட உற்பத்தியை விடப் பெரியவை. ஆனால் அந்தக் கணக்கெடுப்பின்போது பெரும்பகுதி தனி ஆளின் கணக்கில் இல்லை, கூட்டு நிதியில் இருந்தது. ஐரோப்பிய மத்திய வங்கியின் கணக்கெடுப்பில் அது குடும்பச் சொத்து ஆகாது. தேசியக் கணக்கை அடிப்படையாக வைத்து எழுதப்படும் உலக அறிக்கைகளில் அது சேரும். ஒரே டச்சுக் குடும்பம், இரண்டு அறிக்கைகளில் இரண்டு இடம். அமெரிக்காவில் சொந்தக் கணக்கில் உள்ள ஓய்வுக்காலச் சேமிப்பு சொத்து, சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் சொத்தில்லை. எதை அரசோ கூட்டு நிதியோ சுமக்கிறதோ அது குடும்பத்தின் ஏட்டில் ஏறுவதில்லை. நாடுகளுக்கு இடையே சொத்தை ஒப்பிடும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

குடும்பமா தனி ஆளா என்பதையும் பார்க்க வேண்டும். ஜெர்மனியில் பத்துக் குடும்பங்களில் நாலு, ஒற்றை ஆள் குடும்பம். சராசரி இரண்டு பேர். ஸ்பெயினிலும் சைப்ரஸிலும் 2.7ஐ ஒட்டி. இருபத்தைந்து வயதில் தனி வீடு எடுத்துப் போகும் ஜெர்மன் இளைஞன் வரிசையின் அடியில் ஒரு புதுக் குடும்பமாகச் சேருகிறான். அதே வயது ஸ்பெயின் இளைஞன் அம்மா அப்பாவோடு இருப்பதால் எண்ணிக்கையிலேயே வருவதில்லை. இந்த வேறுபாடு எவ்வளவு பெரிதாகலாம் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 2022க்கு அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் கணக்கெடுப்பு சொன்ன நடு எண் 1,92,900 டாலர், குடும்பத்துக்கு. அதே வருடத்துக்கு சுவிஸ் வங்கிகளான யுபிஎஸ், கிரெடிட் சூயிஸ் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை சொன்னது ஏறக்குறைய 1,08,000 டாலர், வயது வந்த ஒரு ஆளுக்கு. இரண்டையும் எடுத்துப்போட்டு ஒன்று பொய் என்று சண்டை போடுபவர்களை நிறையப் பார்க்கலாம். இரண்டுமே பொய்யில்லை. அமெரிக்கக் குடும்பச் சராசரி அந்த வருடம் பத்து லட்சம் டாலருக்கு மேல் போனது என்பதையும் கூடவே நினைவில் வையுங்கள். செய்தித் தலைப்புகள் எந்த எண்ணை எடுக்கின்றன என்பது எழுதுபவரின் விருப்பத்தைப் பொறுத்தது.

இனி சந்தேகத்துக்கு உரியவை. சைப்ரஸ் எண்ணை நான் தளர்வாகத்தான் பிடிப்பேன். அங்கே மாதிரி 1,237 குடும்பங்கள்தான், பிரான்ஸில் 15,000. வீட்டின் மதிப்பு, ‘இன்று விற்றால் என்ன கிடைக்கும்?’ என்று கேட்டு வீட்டுக்காரர் சொன்னது. சந்தை ஏறும்போது கேள்விப்பட்ட கடைசி உச்ச விலை மனதில் தங்கிவிடும், இறங்கும்போது அதை ஒத்துக்கொள்ள மனது வராது. எல்லா நாட்டுக் கணக்கெடுப்பிலும் இந்தப் பிரச்சினை உண்டு. ஆனால் சொத்து முழுக்க வீடாகவே இருக்கும் இடத்தில் அதன் தாக்கம் அதிகம். சைப்ரஸில் மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுக்கும் பழக்கம் வெகுகாலம் இருந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்படி வந்த வீடும் நிலமும் எளிதில் விற்பனைக்கு வராது, அதனால் அதற்குச் சரியான விலையைச் சொல்வதும் கடினம். ஸ்பெயினில் கணக்கெடுப்பு 2008–09இல் நடந்தது, அதாவது வீட்டு விலைக் குமிழி உடையத் தொடங்கிய வேளையில். அடுத்த ஐந்தாறு வருடங்களில் அங்கே வீட்டு விலை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விழுந்தது. ஜெர்மனியில் அதற்கு எதிராக 2010க்குப் பின் விலை ஏறிக்கொண்டே போனது. 2021 கணக்கெடுப்பில் ஜெர்மன் நடு எண் 1,06,600 யூரோ, விலைவாசி உயர்வைக் கழிக்காமல் பார்த்தால் இரண்டு மடங்கு. நீங்கள் பார்த்த அட்டவணை ஒரு நாட்டை உச்சியிலும் இன்னொன்றைப் பள்ளத்திலும் வைத்து எடுத்த படம்.

அப்படியானால் ஜெர்மனியின் செல்வம் எங்கே? 2013லேயே பெல்ஜியப் பொருளியலாளர் பால் டி கிராவ் இந்தக் கேள்வியைக் கேட்டார். ஆலைகள், கட்டடங்கள், சாலைகள் என்று நாட்டின் மொத்த மூலதனத்தைத் தலைக்குக் கணக்கிட்டால் ஜெர்மனி தெற்கு நாடுகளுக்கு மேலே வருகிறது என்பதையும், அதில் பெரும்பகுதி நிறுவனங்களிடமும் அரசிடமும் இருக்கிறது என்பதையும் காட்டினார். இதில் எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து உண்டு. நிறுவனத்துக்கும் கடைசியில் யாரோ ஒரு உரிமையாளர் இருக்கிறார். ஜெர்மனியின் பெரிய குடும்ப நிறுவனங்களின் சொந்தக்காரர்கள் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளருக்குப் பெரும்பாலும் அகப்படுவதில்லை. ஸ்பெயின் தன் செல்வ வரிப் பதிவுகளை வைத்துப் பணக்காரக் குடும்பங்களைக் கூடுதலாக மாதிரியில் சேர்த்தது. ஜெர்மனிக்கு அந்த வசதி இல்லை. வசதியானவர்கள் வாழும் தெருக்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அதனால் ஜெர்மன் சராசரி உண்மையை விடக் குறைவாகத்தான் இருக்கும். நடு எண் மட்டும் இதனால் அசையாது. நூறு கோடீஸ்வரர்கள் விட்டுப்போனாலும் ஐம்பதாவது ஆள் ஏறக்குறைய அதே ஆள்தான். வாடகை வீடுகளின் கணக்கும் இங்கேதான் வந்து சேருகிறது. ஜெர்மனியின் வாடகை வீடுகளில் பெரும்பகுதி தனி நபர்களுக்குச் சொந்தம். அந்த வீடுகள் மாயமாகவில்லை. வாடகை கொடுப்பவரின் ஏட்டில் இல்லாமல், வரிசையில் இன்னும் மேலே நிற்கும் வேறொரு குடும்பத்தின் ஏட்டில் இருக்கின்றன. ஸ்பெயினில் எண்பது பேரிடம் பிரிந்திருப்பது இங்கே நாற்பது பேரிடம் இருக்கிறது. ஜெர்மன் வாடகைச் சந்தையைப் புகழ்பவர்கள் இந்த இடத்தைச் சுலபமாகக் கடந்துபோய்விடுகிறார்கள். பாதுகாப்பு வாடகைக்காரருக்கு, விலையேற்றம் உரிமையாளருக்கு என்பதுதான் அந்த ஏற்பாட்டின் உட்பொருள். 2010க்குப் பின் வீட்டு விலை ஏறியபோது யாருக்கு லாபம் போனது என்பதில் குழப்பம் ஒன்றுமில்லை.

இந்தியாவோடு ஒப்பிடலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ஒப்பிடலாம், ஆனால் தசமப் புள்ளியை நம்ப வேண்டாம். நம்மிடம் இருப்பது தேசிய மாதிரி ஆய்வின் கடன், முதலீட்டுக் கணக்கெடுப்பு. பல வருட இடைவெளியில்தான் வரும். கடைசியாக வந்தது 2019க்கானது. அதில் ஒரு குடும்பத்தின் சராசரிச் சொத்து கிராமத்தில் சுமார் 16 லட்சம் ரூபாய், நகரத்தில் சுமார் 27 லட்சம். இடைப்பட்ட வருடங்களுக்கு உலக அறிக்கைகள் போடும் எண்கள் மதிப்பீடுகளே. தவிர, 2017இல் ரிசர்வ் வங்கிக் குழு சொன்னபடி இந்தியக் குடும்பச் சொத்தில் 77 சதவீதம் நிலமும் வீடும், 11 சதவீதம் தங்கம், நிதிச் சேமிப்பு வெறும் 5 சதவீதம். பத்திரத்தில் எழுதும் விலைக்கும் கைமாறும் விலைக்கும் உள்ள தூரம் தெரிந்த யாரும், நிலத்துக்கு விலை கேட்கும் ஒரு கணக்கெடுப்பின் சங்கடத்தைப் புரிந்துகொள்வார்கள். நகை எத்தனை சவரன் என்று முன்பின் தெரியாத ஆள் வாசலில் நின்று கேட்டால் நம் வீட்டில் என்ன பதில் வரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். அட்டவணையில் ஜெர்மனி கீழே இருப்பதால் உங்களால் சேமிக்க முடியாது என்று ஆகாது. சம்பளத்தில் மிச்சம் பிடிப்பது அங்கே உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆனால் மற்ற வாடகைக்காரர்களைப் போலவே நீங்களும் இருந்தால், அந்த 10,000 யூரோ கூட்டத்தில் ஒருவராக நிற்க நேரிடும். அதனால் வாடகையில் கிடைக்கும் நிம்மதியை அனுபவித்துக்கொண்டே, மிச்சத்தைத் தனியாக முதலீடு செய்யும் பழக்கத்தை முதல் வருடத்திலேயே தொடங்குங்கள். வீடு வாங்குவதை அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். சொத்து மாற்று வரி மியூனிக் இருக்கும் பவாரியா மாநிலத்தில் 3.5 சதவீதம், சில மாநிலங்களில் 6.5 வரை, நோட்டரி, பதிவு, தரகு சேர்த்தால் விலையில் பத்து சதவீதத்தை ஒட்டிச் செலவாகும். அந்தப் பணம் திரும்பி வராது. சில வருடத்தில் ஊர் மாறும் எண்ணம் இருந்தால் கணக்கு உதைக்கும்.

ஓய்வூதியப் பங்களிப்பாக உங்கள் மொத்தச் சம்பளத்தில் 18.6 சதவீதம் போகும், வருடாந்திர உச்சவரம்பு வரை. பாதி உங்களுடையது, பாதி நிறுவனத்துடையது. இது எந்தச் சொத்து அட்டவணையிலும் உங்கள் பெயரில் ஏறாது, ஆனாலும் உங்களுடையதுதான். ஐந்து வருடம் பங்களித்தால் ஓய்வூதிய உரிமை உண்டு. இந்தியாவுக்கும் ஜெர்மனிக்கும் இடையிலான சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் 2017 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது. உரிமைக்கான காலத்தைக் கணக்கிடும்போது இந்தியாவில் பங்களித்த காலத்தையும் சேர்த்துக்கொள்ள அதில் வழி இருக்கிறது. நடுவில் ஊர் திரும்பினால் உங்கள் பங்கைத் திரும்பக் கேட்பதா, உரிமையை விட்டுவைப்பதா என்பது மட்டும் ஆளுக்கு ஆள் மாறும் முடிவு. அதைத்தான் ஆலோசகரிடம் கேட்கச் சொன்னேன். 27 வயது தாண்டி, ஐந்து வருடப் பங்களிப்பும் முடிந்தபின் ஓய்வூதியக் காப்பீட்டு அமைப்பிலிருந்து வருடத்துக்கு ஒரு கடிதம் வரும். இதுவரை கட்டியதற்கு மாதம் எத்தனை யூரோ கிடைக்கும் என்று அதில் இருக்கும். அதைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.